கையில் மூவாயிரம், அழைப்பு மூன்று: இன்டர்வியூ பயணச் செலவை யாரிடம் கேட்கலாம்?

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணா, மூணு இடத்துல இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. மூணும் பத்து நாளுக்குள்ள வருது. கையில மூவாயிரத்துச் சொச்சம்தான் இருக்கு. எதுக்குப் போகட்டும், எதை விடட்டும்?"

எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து ஒன்றரை வருடமாக வேலை தேடுகிறாள். வீடு மதுரைக்குப் பக்கத்தில். முதல் அழைப்பு டெல்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனம். இரண்டாவது ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ப்ராஜெக்ட் வேலை, நேரடித் தேர்வு (வாக்-இன்). மூன்றாவது பெங்களூரில் ஒரு தனியார் மருந்து ஆய்வகம். மூன்று ஊருக்கும் தனித்தனிப் பயணம். மூன்றுக்கும் சேர்த்து ரயில், பஸ், தங்கல், சாப்பாடு என்று கணக்குப் போட்டால் அவள் கையிருப்பு பாதிக்குக்கூட வராது.

இந்தக் கேள்வியை நான்கு வருடம் முன்பு நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். பதில் சொல்ல அப்போது ஆள் இல்லை. பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்த அந்தக் காலத்தில் ஆறு இன்டர்வியூவுக்கு வெளியூர் போனேன். இரண்டு இடத்தில்தான் பயணக்காசு திரும்பி வந்தது. மற்ற நான்கில் இன்னும் ஒன்றிலாவது வாங்கியிருக்கலாம். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காததால் போயிற்று. அதனால் அவளுக்குச் சொன்னதை எல்லாம் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடிதத்தின் கடைசிப் பக்கம்

அழைப்புக் கடிதம் வந்ததும் எல்லோரும் தேதி, நேரம், இடம் மூன்றையும் பார்க்கிறோம். பயணப்படி பற்றிய வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், "பொது அறிவுரைகள்" என்ற தலைப்பின் கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். அதில் இல்லையென்றால் முதலில் வந்த வேலை அறிவிப்பின் பி.டி.எஃப். கோப்பில் இருக்கும். அந்த வரியைத் தேடிப் பிடிக்காமல் டிக்கெட் போடக் கூடாது.

அந்த வரி மூன்று விதமாக இருக்கும். பயணச் செலவு திருப்பித் தரப்படும் என்று வகுப்போடு சொல்லியிருக்கும். பயணப்படி, தினப்படி எதுவும் வழங்கப்படாது என்று நேராகச் சொல்லியிருக்கும். அல்லது ஒன்றுமே சொல்லாமல் விட்டிருக்கும். என் தங்கைக்கு வந்த மூன்று கடிதங்களும் இந்த மூன்று விதத்துக்கும் ஒவ்வோர் உதாரணமாக அமைந்துவிட்டன.

ஒன்றுமே சொல்லாவிட்டால் என்ன பொருள்? இந்தியாவில் பயணச் செலவைத் தர வேண்டும் என்று வேலை கொடுப்பவரைப் பொதுவாகக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. அதனால் இங்கே மௌனத்துக்கு 'இல்லை' என்றுதான் பொருள். ஜெர்மனியில் இது தலைகீழ். அங்கே நிறுவனம் தானாக அழைத்தால் நியாயமான பயணச் செலவை அதுவே தர வேண்டும். தர முடியாது என்றால் அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய சிவில் சட்டத் தொகுப்பின் 670ஆம் பிரிவை வைத்து இப்படி நடக்கிறது. நிறுவனம் தராவிட்டால், வேலையில்லை என்று பதிவு செய்தவர் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் கேட்கலாம். ஆனால் பயணத்துக்கு முன்பே மனு கொடுத்துவிட வேண்டும். அந்த நாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இது உதவும் என்பதால் சொல்கிறேன். நம் ஊரில் மௌனத்தை உடைக்க வேண்டியது நாம்தான். அதைத் தனியார் பகுதியில் சொல்கிறேன்.

திருப்பித் தருகிறவர்கள்

மத்திய அரசுப் பக்கம் இதில் கொஞ்சம் ஒழுங்கு உண்டு. யு.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வுக்கு டெல்லி போகிற வெளியூர்க்காரர்களுக்குப் பயணச் செலவில் ஒரு பங்கு கிடைக்கும். மெயில் அல்லது எக்ஸ்பிரஸ் ரயிலில் இரண்டாம் வகுப்பு அல்லது ஸ்லீப்பர் கட்டணம் வரைதான். குறுகிய வழிக் கணக்கு. விமானத்தில் போனாலும் ரயில் கணக்குதான். 2020 ஜூலையில் மட்டும், கொரோனாவால் ரயில்கள் முழுதாக ஓடாத நிலையில், சிவில் சர்வீஸ் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களுக்கு ஒருமுறை ஏற்பாடாக விமானக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதை வைத்து இப்போதும் விமான டிக்கெட் கொடுப்பார்கள் என்று நம்பி யாரும் கடன் வாங்கிவிட வேண்டாம்.

பொதுத்துறை நிறுவனங்கள் அதிகாரி நிலை வேலைகளுக்குக் கொஞ்சம் தாராளம். ஏ.சி. மூன்றடுக்கு என்று பல அறிவிப்புகளில் இருக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம், பதவிக்குப் பதவி மாறும். என் தங்கையின் டெல்லிக் கடிதத்தில் ஏ.சி. மூன்றடுக்கு, போக வர, குறுகிய வழி, டிக்கெட் ஆதாரத்துடன் என்று தெளிவாக இருந்தது.

இதில் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஏ.சி. கட்டணம் தருவார்கள், நாம் ஸ்லீப்பரில் போய் மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. உச்சவரம்பு, உண்மையில் செலவான தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் வரும். ஸ்லீப்பரில் போனால் ஸ்லீப்பர் காசுதான். அதனால் ஏ.சி. தருகிறார்கள் என்பதே வேலையில்லாதவருக்குப் பெரிய லாபம் இல்லை. டெல்லிக்கு ஏ.சி. மூன்றடுக்கு டிக்கெட் ஸ்லீப்பரைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அந்தக் காசை முதலில் போடுவது யார்? மூவாயிரம் ரூபாய் வைத்திருக்கிறவளுக்கு அந்தச் சலுகை காகிதத்தில்தான் இருக்கும். ஸ்லீப்பர் கட்டணத்தை முன்பே கையில் கொடுத்தால், அது பிறகு வரும் ஏ.சி. கட்டணத்தைவிட அவளுக்கு மேலானது. இந்த ஒப்பீட்டில் நான் பிடித்துக்கொள்கிற அளவுகோல் இதுதான். எவ்வளவு தருகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், எப்போது தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நம் நாட்டில் எனக்குத் தெரிந்து மிக நல்ல ஏற்பாடு ரயில்வே தேர்வு வாரியத்தினுடையது. கணினித் தேர்வுக்குப் போகிற பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களுக்கு இலவச ஸ்லீப்பர் பயண அனுமதி அழைப்புக் கடிதத்தோடேயே வருகிறது. அதையும் சாதிச் சான்றிதழையும் முன்பதிவு கவுன்டரில் காட்டினால் டிக்கெட் கிடைக்கும். கையிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க வேண்டியதில்லை. அந்த வாரியத்தின் தேர்வுகளுக்கு மட்டும்தான் இது. ஆனாலும் உதவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது இலவசப் பயணம் வேண்டும் என்று குறிக்காமல் விட்டுவிட்டால் பிறகு வாங்குவது கடினம். என் நண்பன் ஒருவன் அப்படித்தான் விட்டான்.

வங்கி வேலைகளில், பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். மூலம் நேர்முகத் தேர்வுக்குப் போகிற பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரர்களுக்கு இரண்டாம் வகுப்புச் சாதாரண ரயில் கட்டணம் அல்லது பஸ் கட்டணம் போக வரக் கிடைக்கும். ஏற்கெனவே அரசிலோ பொதுத்துறையிலோ வேலையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. தொகை சின்னதுதான், பிறகுதான் வரும். ஆனாலும் உரிமை உரிமைதான். வெட்கப்பட்டுக்கொண்டு படிவத்தை நிரப்பாமல் வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மேசைக்குப் போய் நிற்பதால் உங்கள் மதிப்பெண் குறையாது. படிவம் வாங்குகிறவரும் மதிப்பெண் போடுகிறவரும் வேறு வேறு ஆட்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் குரூப் சி, குரூப் டி பதவிகளுக்கும் குரூப் பி-யில் கெஜட் அல்லாத பதவிகளுக்கும் நேர்முகத் தேர்வே எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் பயணம் நின்றுவிடவில்லை. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று அலைச்சல் வேறு பெயரில் இருக்கிறது. பயணப்படி விதிகளோ பெரும்பாலும் இன்டர்வியூ என்ற சொல்லைச் சுற்றியே எழுதப்பட்டவை. எனவே கடிதத்தில் எந்தக் கட்டத்துக்குக் காசு என்று கூர்ந்து பார்க்க வேண்டும்.

என் காசு எப்படி வந்தது, எப்படிப் போனது

எனக்குத் திரும்பி வந்த இரண்டில் ஒன்று எழுபது நாள் கழித்து வந்தது. வடக்கே ஒரு நகரத்தில் இன்டர்வியூ. சித்தப்பாவிடம் நாலாயிரம் கடன் வாங்கிக்கொண்டு போனேன். "வேலை கிடைச்சதும் குடுத்தாப் போதும்டா" என்றார். வேலை கிடைக்கவில்லை. பயணக்காசுதான் முதலில் வந்தது, அதை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். எழுபது நாள் ஆனதில் என் தவறும் பாதி. திரும்பி வரும் டிக்கெட்டை அனுப்ப மறந்துவிட்டேன், அவர்கள் கேட்டுக் கடிதம் போட்ட பிறகுதான் அனுப்பினேன்.

இன்னொரு இடத்தில் காசே போனது. அங்கே பஸ் கட்டணம் உண்டு என்று கடிதத்தில் இருந்தது. நான் தனியார் ஆம்னி பஸ்ஸில் போயிருந்தேன். கையில் இருந்தது போனில் வந்த குறுஞ்செய்தி மட்டும். பேர் போட்ட டிக்கெட் வேண்டும், ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வேண்டும் என்றார்கள். அந்த டிராவல்ஸ்காரர் பில் தரவில்லை. ஆயிரத்து நானூறு ரூபாய். இன்றைக்கு அது எனக்குப் பெரிய தொகை இல்லை. அன்றைக்கு அது ஒரு மாதத்து மெஸ் பில்.

அதனால் திருப்பித் தரும் இடத்துக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரில் எடுத்த ஈ-டிக்கெட்டின் அச்சுப் பிரதி, போனதற்கும் வந்ததற்கும். திரும்பும் டிக்கெட் முன்பே எடுத்திருந்தால் அதன் நகலை அங்கேயே கொடுத்துவிடலாம். வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, ஏனென்றால் காசு பெரும்பாலும் கணக்கில்தான் வரும். அழைப்புக் கடிதத்தின் நகல். முகவரிச் சான்று. கடிதத்தில் போட்டிருக்கும் ஊரிலிருந்தே கிளம்புவது நல்லது. யு.பி.எஸ்.சி. மாதிரி இடங்களில் நீங்கள் வசிக்கும் ஊர், உண்மையில் கிளம்பிய ஊர், இரண்டில் எது பக்கமோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மதுரைக்காரர் சென்னையில் நண்பன் அறையில் தங்கிப் படித்துவிட்டு அங்கிருந்து கிளம்பினால் சென்னையிலிருந்துதான் கணக்கு. பஸ் என்றால் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழக டிக்கெட் சிக்கல் தராது. இதில் ஆம்னி பஸ்ஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆட்டோ, ஓலா, சாப்பாடு, லாட்ஜ் எல்லாம் சாதாரணமாக உங்கள் தலையில்தான்.

ரயிலில் முன்பு இருந்த கதவு

சித்தப்பா காலத்து ஆட்கள், "லெட்டரைக் காட்டினா ரயில்ல ஃப்ரீதானே" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. வேலையில்லாத இளைஞர்கள் மத்திய, மாநில அரசு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனால் இரண்டாம் வகுப்பில் முழுச் சலுகை, ஸ்லீப்பரில் பாதிக் கட்டணம். பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகம், மாநகராட்சி போன்ற இடங்களுக்கு இரண்டு வகுப்பிலும் பாதி. இப்படி ஒரு சலுகை ரயில்வேயின் பட்டியலில் இருந்தது. கவுன்டரில் அழைப்புக் கடிதத்தை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

2020 மார்ச் 20 அன்று கொரோனாவைக் காரணம் காட்டி ரயில்வே பெரும்பாலான சலுகைகளை நிறுத்தியது. மாற்றுத்திறனாளிகளில் நான்கு பிரிவு, நோயாளிகளில் பதினொரு பிரிவு, மாணவர்கள், இவர்களுக்கு மட்டும் தொடர்ந்தது. மற்றவை திரும்ப வரவில்லை. மூத்த குடிமக்கள் சலுகை பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. கேட்க வேண்டியதுதான். ஆனால் வேலையில்லாத இளைஞர்களின் சலுகையும் அதே நாளில்தான் போனது. அதைப் பற்றி அந்த அளவுக்குக் குரல் எழவில்லை. வேலையில்லாதவர்களுக்குச் சங்கம் இல்லை. வேலை கிடைத்ததும் அவர்கள் அந்த வரிசையிலிருந்து நகர்ந்துவிடுகிறார்கள், புதிதாக வந்து நிற்கிறவருக்கு அப்படி ஒரு சலுகை இருந்ததே தெரியாது. நான் மேலே சொன்ன அளவுகோலில் முதலிடம் பெற வேண்டியது அதுதான். பயணத்துக்கு முன்பே, கவுன்டரிலேயே, செலவைக் குறைத்த உதவி அது. அரசு ரயில்வேயே அரசு வேலைக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுத்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதினாலும் தகும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னும் இருக்கிறது. உதவியாளர் இல்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் ஊனமுற்றவர், பார்வையற்றவர் போன்றோருக்கு ஸ்லீப்பரிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் முக்கால் பங்கு சலுகை, கூட வருகிறவருக்கும் சேர்த்து. காது கேளாத, வாய் பேசாத நிலை இரண்டும் உள்ளவர்களுக்குப் பாதி. ரயில்வே கொடுக்கும் அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொண்டால் ஆன்லைனிலும் எடுக்கலாம். இன்டர்வியூ தேதி வந்த பிறகு அட்டைக்கு அலைந்தால் கைக்கு வராது. வேலை தேடத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும்.

மற்றவர்களுக்கு மிஞ்சுவது தேதி தெரிந்த அன்றே முன்பதிவு செய்வதுதான். 2024 நவம்பர் 1 முதல் அறுபது நாள் முன்புதான் பதிவு திறக்கிறது. அழைப்புக் கடிதமோ இரண்டு மூன்று வாரம் முன்புதான் வரும். அதற்குள் ஸ்லீப்பர் நிறைந்திருக்கும், பிறகு தட்கல்தான். ஸ்லீப்பருக்குத் தட்கல் கூடுதல் கட்டணம் நூறிலிருந்து இருநூறு ரூபாய் வரை. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது. 2025 ஜூலை முதல் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் இணைக்காவிட்டால் ஆன்லைனில் தட்கல் எடுக்கவே முடியாது, அதையும் இன்றே செய்துவிடுங்கள். தட்கல் கூடுதல் தொகையைத் திருப்பித் தருவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், கடிதத்தில் இல்லையென்றால் வராது என்றே கணக்குப் போடுங்கள்.

தனியார்: கேட்டால்தான் உண்டு

தனியார் நிறுவனம் ஒன்றும் எழுதாமல் அழைத்தால் நாம்தான் கேட்க வேண்டும். எப்போது கேட்பது என்பதுதான் விஷயம். நான் ஒருமுறை இன்டர்வியூ முடிந்து வெளியே வரும்போது கேட்டேன். "அப்ரூவல் முன்னாடியே வாங்கியிருக்கணும் சார்" என்றார் அந்த எச்.ஆர். அதிகாரி, மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி. அவர்களிடம் பட்ஜெட் இருக்கிறது, ஆனால் அது முன் அனுமதியோடு நடக்கிற பட்ஜெட். வரச்சொல்லித் தேதி கேட்கும்போதே கேட்டால் பாதி இடங்களில் யோசிப்பார்கள். வந்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேட்க வேண்டிய வரிசையும் முக்கியம். முதல் சுற்றை வீடியோவில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கொரோனாவுக்குப் பிறகு இது சகஜமாகிவிட்டது, பல நிறுவனங்கள் உடனே சரி என்கின்றன. செலவில்லாத வழி இதுதான். இதற்கு வேண்டியது நல்ல நெட், சத்தமில்லாத அறை. வீட்டில் அது இல்லையென்றால் படித்த கல்லூரியின் பிளேஸ்மென்ட் அறையைக் கேளுங்கள், பழைய மாணவர்களுக்கு மறுக்க மாட்டார்கள். நேரில்தான் வர வேண்டும் என்றால், டிக்கெட்டை நிறுவனமே எடுத்துத் தருமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால்தான் திருப்பித் தருவீர்களா என்ற கேள்வி. வீடியோ, அவர்கள் எடுக்கும் டிக்கெட், பிறகு வரும் காசு, இந்த வரிசை. பெரும்பாலோர் கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதில் ஈமெயிலில் இருக்கட்டும், போனில் சொன்னது பிறகு நிற்காது.

காசு கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. பிறகு ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, ஆள் எடுக்கும் பக்கத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்த பிறகு தெரிந்தது, இரண்டு வரியில் பணிவாகக் கேட்டவரை யாரும் ஒதுக்குவதில்லை. அந்தக் கேள்வி இன்டர்வியூ எடுக்கிறவர் காதுக்கே போவதில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பெரிய கம்பெனி பெயரில் கடிதம் வரும், விமான டிக்கெட் நாங்களே போடுகிறோம், பாதுகாப்புத் தொகையாக ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டுங்கள், இன்டர்வியூ முடிந்ததும் திருப்பித் தருகிறோம் என்று இருக்கும். அது மோசடி. பயணச் செலவு நிறுவனத்திடமிருந்து உங்களுக்கு வரும், உங்களிடமிருந்து நிறுவனத்துக்குப் போகாது. யாராவது கட்டிவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

அரசு உதவித்தொகையை இதற்கு நம்பலாமா?

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வேலையில்லா இளைஞர்களுக்கான உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வங்கிக் கணக்கில் போடுவார்கள், மூன்று வருடம் வரை. ஆனால் பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல், காத்திருக்கும் காலமும் ஒரு வருடம்தான்.

என் தங்கை பதிவு செய்து ஐந்து வருடம் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய், ஒருமுறை டெல்லி போய்வர ஸ்லீப்பருக்குக் கிட்டத்தட்டச் சரியாகப் போகும். தகுதி உள்ளவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும், அதை இன்டர்வியூவுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்தால் இன்னும் நல்லது. அவசரத்துக்கு இதை நம்ப முடியாது, அவ்வளவுதான்.

உள்ளூர்ப் பயணத்துக்குப் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. ரயில் நிலையம் வரை, ஜெராக்ஸ் கடை வரை, வேலைவாய்ப்பு அலுவலகம் வரை இதில் போகலாம். சின்ன விஷயம்தான், மாதம் முழுக்க அலைகிறவளுக்கு அது சின்னதாகத் தெரியாது.

சரி, மூன்றில் எது?

முதலில் ஹைதராபாத். பயணப்படி கிடையாது என்று எழுதியே விட்டார்கள். நேரடித் தேர்வு என்பதால் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது, காலை ஒன்பது மணிக்குப் பெயர் பதிய வேண்டும், கூட்டம் அதிகமானால் மறுநாளும் தங்க வேண்டிவரும். வேலை பதினொரு மாத ஒப்பந்தம். முழுச் செலவும் அவளுடையது. ஒரே இடம்தான் காலி. இதை விடச் சொன்னேன். அவளுக்கு மனசில்லை, அந்த ஆராய்ச்சித் தலைப்பு அவளுக்குப் பிடித்தது. ஆராய்ச்சியாளருக்கு ஈமெயில் எழுதி ஆன்லைனில் சேர முடியுமா என்று கேட்கச் சொன்னேன். ப்ராஜெக்ட் வேலைகளில் சில பேராசிரியர்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். பதில் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் ரயில் ஏறக் கூடாது என்று முடிவு.

பெங்களூர் நிறுவனத்துக்கு அன்றே ஈமெயில் போட்டாள். முதல் சுற்று வீடியோவில் முடியுமா என்று கேட்டாள். மறுநாள் சரி என்று பதில் வந்தது. இரண்டாம் சுற்றுக்கு நேரில் அழைத்தால் டிக்கெட் பற்றி அப்போது கேட்பாள். மதுரையிலிருந்து பெங்களூர் ஒரு ராத்திரிப் பயணம், அவள் கைக்காசில் தாங்கும்.

டெல்லிதான் பெரிய செலவு. ஆனால் திரும்ப வரும் என்று எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான். ஏ.சி. கட்டணம் தருகிறார்கள் என்பதால் ஏ.சி.யில் போகலாமா என்று கேட்டாள். நான் முதலில் வேண்டாம் என்றேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஒரு பெண் தனியாக இரண்டு ராத்திரி ரயிலில் போய், மூன்றாம் நாள் காலை இன்டர்வியூவில் உட்கார வேண்டும். தூங்கிப் போய் இறங்குவதற்கு ஒரு விலை உண்டு. காசு திரும்ப வரும் என்பது உறுதி. முன்பணம் மட்டும்தான் சிக்கல் என்றால், அதை வட்டியில்லாமல் போட வீட்டில் ஆள் இருந்தால் ஏ.சி.யில் போவதுதான் சரி. ஆள் இல்லையென்றால் ஸ்லீப்பர். வட்டிக்கு வாங்கி ஏ.சி.யில் போவது கூடாது, காசு இரண்டு மாதம் கழித்து வந்தால் வட்டி உங்கள் பாடு.

மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்குச் சம்பர்க் கிராந்தி வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறது. போவதற்கு ஏ.சி. மூன்றடுக்கு, அன்றைக்கே ஆர்.ஏ.சி.யில், அதாவது படுக்கை உறுதியாகும் வரை இருக்கை என்ற நிலையில், கிடைத்தது. திரும்ப ஸ்லீப்பர் உறுதி. இரண்டு டிக்கெட்டையும் அவள் பெயரில் எடுத்து, இரண்டு பிரதி அச்செடுத்து, பாஸ்புக் நகலோடு ஒரே உறையில் போடச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் நான் போட்டிருக்கிறேன். சித்தப்பா எனக்குச் சொன்ன நிபந்தனையை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். வேலை கிடைத்ததும் தர வேண்டாம், பயணக்காசு கணக்கில் விழுந்ததும் கொடுத்தால் போதும்.